பாசிப்பருப்பு மஞ்சா

அரிகிருஷ்ணனுக்கு மஞ்சா கலரு தெரியாது. இத முதல்லயே சொல்லிடணும், ஏன்னா இத மறைக்கப் போயிதான் அத்தன கூத்தும் நடந்துச்சு. பொறவிக் கோளாறு இல்ல. ஐம்பது வயசு வரைக்கும் எல்லாரையும் போல எலுமிச்சம்பழத்தையும் சாமந்திப்பூவையும் பாத்துக்கிட்டு இருந்த கண்ணுதான். சக்கர வியாதி வந்து, ஏழெட்டு வருசம் சத்தமில்லாம உள்ள குடியிருந்துட்டு, கடைசில கண்ணுல கைய வெச்சிடுச்சு. ஆளு தெரியும், எழுத்து தெரியும், வண்டி ஓட்டுவான். மஞ்சா மட்டும் வெள்ளையாப் போச்சு.

வேற வேலயா இருந்தா போனாப் போவுதுன்னு விட்டிருக்கலாம். கொத்தனாருக்கு மஞ்சா எதுக்கு, மீன் விக்கிறவனுக்கு மஞ்சா எதுக்கு? இவன் வேல நீச்சல் கொளத்துல. கடக்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி, ஒரு காலத்துல பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா குடும்பம் குடியிருந்த பழைய வீட்ட ஓட்டலா மாத்தி, நடு முத்தத்துல கொளம் கட்டியிருந்தாங்க. கொளத்துத் தண்ணிய தெனம் காலயில ஒரு சின்னக் குழாய்ல மொண்டு, சோதனை மருந்து அஞ்சு சொட்டு விடணும். தண்ணில குளோரின் எவ்வளவு இருக்கோ அதுக்குத் தக்கன மஞ்சா ஏறும். குழாய் பக்கத்துலயே வெளுத்ததுலேந்து அடர்த்தி வரைக்கும் மஞ்சாக் கட்டம் வரிசையா அச்சடிச்சிருக்கும். எந்தக் கட்டத்தோட ஒத்துப்போவுதுன்னு பாத்து நோட்டுல எழுதணும். மஞ்சா கொறஞ்சா தண்ணி பாசி புடிக்கும், வர்றவங்களுக்கு வியாதி. கூடுனா கண்ணு எரியும், தோலு தடிக்கும். மொத்தப் பொழப்பும் அந்த மஞ்சாவுலதான் நிக்குது. அது தெரியலன்னு வெளிய தெரிஞ்சா அன்னிக்கே சட்டயக் கழட்டிக் குடுத்துட்டு வர வேண்டியதுதான்.

மத்ததுல அவன அடிச்சிக்க ஆளே கெடையாது, அதையும் சொல்லணும். மில்லுல தண்ணி எறைக்கிற பம்ப் ஹவுஸ்ல பத்து வருசம் இருந்தவன். மில்லு மூடினப்ப கூட இருந்தவங்க ஆட்டோ வாங்குனாங்க, வாட்ச்மேன் வேலைக்குப் போனாங்க. இவன் பம்பு எங்க இருக்கோ அங்கதான் போவேன்னு நின்னு, இந்த ஓட்டலுக்கு வந்து பதினாறு வருசம் ஆச்சு. மாடிப்படிக்குக் கீழ இருக்கற பம்ப் ரூமுக்குள்ள நொழையும்போதே, மோட்டார் மேல உள்ளங்கைய வெச்சி, "பேரிங் இன்னும் ஒரு மாசம் தாங்கும்"னு சொல்லிடுவான். சரியா ஒரு மாசத்துல கத்தும். மணல் ஃபில்டர்ல அழுத்தம் ஏறுனா மீட்டர பாக்க மாட்டான், குழாய் போடுற சத்தத்துலயே தெரிஞ்சிக்கிட்டு, தண்ணிய எதிர்ப்பக்கம் திருப்பி அழுக்கக் கழுவி விடுவான். கைக்கும் காதுக்கும் ஒரு கொறயும் இல்ல. மூக்குதான் குளோரின் மோந்து மோந்து எப்பவோ செத்துப் போச்சு. இப்ப கண்ணும்.

இது முதல்ல கண்டுபுடிச்சது அவன் பொண்டாட்டி செந்தமிழ்ச்செல்வி. பேரு அவ்வளவு நீளம், ஆளு நாலே முக்கா அடி. அதே ஓட்டல்ல லாண்டரில வேல. முதலியார்பேட்டையிலேந்து ரெண்டு பேரும் ஒரே டிவிஎஸ்லதான் வருவாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாளு, தெருவுக்குள்ள வண்டி திரும்பறப்ப அவன் கேட்டான்:

"என்னா செல்வி, ஒரு தெரு உடாம எல்லாச் செவுத்துக்கும் சுண்ணாம்பு அடிச்சிட்டானுங்க? முன்ன மஞ்சா தானே அடிப்பானுங்க?"

அவ விழுந்து விழுந்து சிரிச்சா. "காலயிலயே ஆரம்பிச்சிட்டியா? நல்லா மஞ்சளு தேச்சி குளிச்ச மாதிரி நிக்குது, சுண்ணாம்பாம்!"ன்னு முதுகுல ஒண்ணு போட்டா. அவன் சிரிக்கல. வண்டிய ஓரமா நிறுத்திட்டு செவுத்தையே பாத்துக்கிட்டு நின்னான். அப்பதான் அவன் வெளயாடலன்னு அவளுக்குப் புரிஞ்சிச்சு. மறுநாளு காலயில ஆறே முக்காலுக்கு, துண்டுக் கட்ட இடுப்புல வெச்சிக்கிட்டு கொளத்தாண்ட வந்தவ, அவன் கையில இருந்த குழாய எட்டிப் பாத்து, யாருக்கும் கேக்காத மாதிரி சொன்னா: "பாசிப்பருப்பு."

அவ்வளவுதான் ஏற்பாடு. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் இது ஒரு நாளு கூடத் தப்பல. அவளுக்கு அந்தக் கட்டத்து நம்பரெல்லாம் வாயில வராது. அடுப்படியிலேந்து ஒரு கணக்கு வெச்சிக்கிட்டா. "எலுமிச்சஞ்சாறு"ன்னா கொஞ்சம் கம்மி, ஒரு கை மருந்து கூடப் போடணும். "பாசிப்பருப்பு"ன்னா கச்சிதம். "மஞ்சா தேச்ச மூஞ்சி"ன்னா அதிகம், இன்னிக்கு மருந்தே வேணாம். "வெறுந்தண்ணி"ன்னா ஆபத்து. அவ சொல்றத அவன் நம்பரா மாத்தி நோட்டுல எழுதி, கீழ கையெழுத்துப் போடுவான். மேனேஜர் வினோத்குமாருக்கு முப்பத்திரண்டு வயசு, நல்ல புள்ள. வாரா வாரம் நோட்டப் பாத்துட்டு, "அரிண்ணே, உங்க தண்ணி மாதிரி இந்த ஊருல எந்த ஓட்டல்லயும் கெடையாதுண்ணே"ம்பான். அரி பல்ல இளிப்பான். செல்வி தூரத்துல துண்டு மடிச்சிக்கிட்டே வாய்க்குள்ள சிரிப்பா. யாரு தண்ணின்னு அவளுக்குத் தெரியாதா?

அவளுக்கு இன்னொரு வேலயும் இருந்துச்சு. ரூமு துண்டும் கொளத்துத் துண்டும் ஒரே வெள்ளையா இருக்கறதால எப்பவும் கலந்து போயிடும். இவ யாரும் சொல்லாமயே செவப்பு நூலு வாங்கியாந்து, கொளத்துத் துண்டு நூத்தியிருவதுலயும் மூலைக்கு மூலை ஒரு சின்னக் கூட்டல் குறி தெச்சி வெச்சா. செவப்பு அவனுக்குத் தெரியும்ல, அதான் செவப்பு. மத்தியானத்துல சோறு தின்ன பெறவு ஒக்காந்து தெச்சி முடிக்க மூணு மாசம் ஆச்சு.

போன ஐப்பசில அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. முதல் நாளு ராத்திரி கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தா. மறுநாளு விடியக்காலம் எழுந்து பொடவ கட்டிக்கிட்டு நின்னா. கைய தொட்டுப் பாத்தா அடுப்பு மாதிரி கொதிக்குது.

"நீ எங்க கெளம்பற? படுடி பேசாம."

"நான் வரலன்னா குழாய யாரு பாப்பா? ஒங்கப்பனா வந்து பாப்பாரு? பாத்துட்டு வந்து படுத்துக்கறேன்."

அவன் இன்னொரு தடவ வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. சொல்லாம வண்டிய ஸ்டார்ட் பண்ணான் பாவி. அந்த அஞ்சு நிமிசத்த அதுக்கப்புறம் அவன் எத்தனயோ தடவ மனசுக்குள்ள திருப்பித் திருப்பி ஓட்டிப் பாத்துட்டான், ஒரு தடவ கூட வாயத் தொறந்து தடுக்கல. ரெண்டாம் நாளும் வந்தா, மூணாம் நாளும் வந்தா. மூணாம் நாளு கொளத்தாண்ட குந்திக்கிட்டே, "பாசிப்பருப்பு தான்யா, எழுதிக்கோ"ன்னா. அங்கேந்து நேரா ஆஸ்பத்திரி. டெங்குன்னாங்க, ரத்தத்துல என்னமோ எறங்கிக்கிட்டே போவுதுன்னாங்க. ஒம்போதாம் நாளு அவ இல்ல.

பதினாறாம் நாளு கருமாதி முடிஞ்சி, மறுநாளே வேலைக்கு வந்துட்டான். அண்ணன் தம்பிங்க, "இன்னும் பத்து நாளு இரேன்டா, எவன் என்னா சொல்லப் போறான்"னாங்க. வீட்டுல இருக்க முடியல அவனுக்கு. கொளத்தாண்ட வந்து நின்னா அலமாரி நெறய அவ மடிச்ச மாதிரியே துண்டு, ஒவ்வொரு மூலையிலயும் அவ கையி. ஒரு துண்ட எடுத்து அந்தச் செவப்புக் கூட்டல கட்டவெரலால தடவிக்கிட்டே நிப்பான். வீட்டுல அவ போட்டோவுக்கு மால போட்டிருக்கு. இங்கதான் அவ இருக்கான்னு அவனுக்கு. அதனால இந்த வேல போயிடக் கூடாது. சம்பளத்துக்காக இல்ல, சத்தியமா இல்ல. இந்த எடத்த விட்டு அவனால போவ முடியாது.

ஆனா குழாய யாரு பாப்பா? ஓட்டல்ல யாருகிட்ட காட்டுனாலும் "ஏன், ஒனக்குத் தெரியலயா?"ன்னுதான் முதல் கேள்வி வரும். யோசிச்சு யோசிச்சு அவனே ஒரு வழி கண்டுபுடிச்சான். கண்டுபுடிச்சான் பாரு ஒரு வழி! காலயில ஏழு மணிக்கு கொளத்துத் தண்ணிய ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டில்ல புடிச்சி, மூடிய இறுக்கித் திருவி, வண்டி முன்னாடி தொங்குற பையில போட்டுக்குவான். ஒம்போது மணிக்கு டிபனுக்கு வீட்டுக்குப் போயி, கூடவே எடுத்துட்டுப் போன குழாய்ல அந்தத் தண்ணிய ஊத்தி அஞ்சு சொட்டு விட்டு, மக சிந்துஜாகிட்ட காட்டுவான். அவ லாஸ்பேட்டையில காலேஜு படிக்கிறா, ஒம்போதரைக்குத்தான் கெளம்புவா.

"ஒங்கம்மா தெனம் இத பாத்து சொல்லும்மா. இனிமே நீ சொல்லு."

சிந்துஜா அப்பன் மூஞ்சப் பாத்தா. கண்ணு விசயம் அவளுக்குத் தெரியாது. அம்மா நெனப்புலதான் இந்த மனுசன் இப்படிப் பண்றாருன்னு நெனச்சிக்கிட்டா. பாவமா இருந்துச்சு. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்காம குழாய வாங்கி, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா.

"வெறுந்தண்ணியா இருக்குப்பா."

"நல்லா பாரு. லேசா எலுமிச்சஞ்சாறு மாதிரி கூட இல்ல?"

"இல்லப்பா. பச்சத் தண்ணி."

திரும்பி வந்து ஒரு கிலோ குளோரின் கரச்சி ஊத்துனான். மறுநாளும் பாட்டிலு, மறுநாளும் வெறுந்தண்ணி. இன்னும் ஒரு கிலோ. மூணாம் நாளும் அதே. ஃபில்டர்ல மணல் கெட்டுப் போச்சோ, எங்கயாவது பாசி ஒளிஞ்சி மருந்த குடிக்குதோன்னு சந்து பொந்தெல்லாம் பிரஷ் போட்டுத் தேச்சான். நாலாம் நாளு ஒண்ணரக் கிலோ, அஞ்சாம் நாளு ரெண்டு கிலோ.

இதுல வயிறெரியற விசயம் என்னன்னா, வெயிலு குளோரின தின்னுடும்னு ஊருக்கே பாடம் எடுக்கிறவன் இவன். "மத்தியானத்துல மருந்து போடாதீங்க சார், அத்தனையும் சூரிய பகவான் குடிச்சிட்டுப் போயிடுவாரு"ன்னு வினோத்குமாருக்கே சொல்லிக் குடுத்தவன். அப்பேர்ப்பட்டவன், கண்ணாடி மாதிரி இருக்கற பாட்டில்ல தண்ணிய புடிச்சி ரெண்டு மணி நேரம் வெயில்ல வண்டியில தொங்க விட்டிருக்கான். மூடி இறுக்கமா இருக்கே, மருந்து எங்க போவும்னு நெனச்சான். வெயிலு மூடி வழியாவா உள்ள வரும்? ஒரே ஒரு நாளு கொளத்தாண்டயே சொட்டு விட்டுப் பாத்திருந்தா அந்தக் கெட்டுப் போன கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும், ஏன்னா தண்ணி மஞ்சாவெல்லாம் தாண்டி செவப்புக்கே போயிடுச்சு. பாக்கல. அவ நின்ன எடத்துல தனியா குழாயத் தூக்கிப் புடிக்க அவனால முடியல, அதான் நெசம்.

ஆறாம் நாளு காலயில பெங்களூருலேந்து வந்த குடும்பம் ஒண்ணு கொளத்துல எறங்குச்சு. ஆறு வயசுப் பொண்ணு, மிதக்க ரெண்டு கையிலயும் காத்தடச்ச பையி. அர மணி நேரங்கூட ஆவல, கண்ணக் கசக்கிக்கிட்டு வீல்னு கத்துச்சு. தூக்கிப் பாத்தா கண்ணு ரெண்டும் கோவப்பழம், முதுகெல்லாம் திட்டுத் திட்டா தடிப்பு. நீலக் கலரு நீச்சல் உடுப்பு அங்கங்க வெளுத்துப் போயிருந்துச்சு. தாய்க்காரி போட்ட சத்தத்துல தெருவுல போறவங்க எட்டிப் பாத்தாங்க. அரிதான் முதல்ல ஓடி வந்து, புள்ளயத் தூக்கிட்டுப் போயி நல்ல தண்ணி குழாய்க்குக் கீழ கண்ணக் காட்டச் சொல்லி, கால் மணி நேரம் கழுவி விட்டான். புள்ள அவன் சட்டயப் புடிச்சிக்கிட்டு, "அங்கிள், எரியுது, எரியுது"ன்னு அழுதுச்சு. டாக்டர் வந்து பாத்து, ரெண்டு நாள்ல சரியாயிடும், பயம் இல்லன்னு சொன்ன பெறவுதான் அவனுக்கு மூச்சே வந்துச்சு.

வினோத்குமார் ஒரு வார்த்த திட்டல. டெஸ்ட் கிட் பொட்டிய எடுத்துட்டு வந்து, கொளத்துல குழாய முக்கி, அவனே அஞ்சு சொட்டு விட்டான். குலுக்கித் தூக்கிப் புடிச்சான். கட்டத்துல இருக்கற கடைசி மஞ்சாவையும் தாண்டி, செங்கல்லக் கரச்சி ஊத்துன மாதிரி நின்னுச்சு தண்ணி.

"அரிண்ணே, இது என்னா கலருண்ணே?"

அரி பாத்தான். ரெண்டு வருசத்துல முதல் தடவயா அந்தக் குழாய்ல அவனுக்கு ஒரு கலரு தெரிஞ்சிச்சு.

"செவப்பு சார்."

"நேத்து நோட்டுல சைபருன்னு எழுதியிருக்கீங்க. முந்தாநாளும் சைபரு. பதினாறு வருசமா இதே வேல பாக்கறீங்க. என்னாண்ணே ஆச்சு? குடிச்சிருந்தீங்களா?"

குடிச்சேன்னு சொல்லியிருக்கலாம். பொண்டாட்டி செத்த துக்கம், பாவம்னு ஒரு மாசம் லீவு குடுத்து மறுபடி சேத்துக்கிட்டிருப்பாங்க. அந்த யோசன அவனுக்கும் வந்துச்சு. வாயி வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்தப் புள்ள புடிச்ச ஈரம் இன்னும் சட்டையில இருந்துச்சு.

"எனக்கு மஞ்சா தெரியாது சார். ரெண்டு வருசமாத் தெரியாது."

"அப்ப நோட்டு? ரெண்டு வருச நோட்டு?"

"அது பூரா செல்வி பாத்தது சார். கையெழுத்து மட்டுந்தான் என்னுது." கொளத்து ஓரத்துலயே குந்திட்டான். "காய்ச்சலோட வந்து பாத்தா சார் அவ. மூணு நாளு காய்ச்சலோட வந்து பாத்தா. நான்தான் கூட்டியாந்தேன்."

வினோத்குமார் குழாயப் புடிச்சிக்கிட்டே நின்னான். நல்ல தண்ணின்னு அவன் வாரா வாரம் மெச்சுனது யாரன்னு அப்பதான் அவனுக்கு உறைச்சிச்சு. ஒரு நாளு கூட அந்தம்மாவ நிறுத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல அவன்.

கொளத்த மூடி, பாதித் தண்ணிய எறக்கிட்டு, வெளிய ஒரு கம்பெனிக்கு கான்ட்ராக்ட் விட்டாங்க. அரிய வெளிய அனுப்பல. "முதல்ல கண்ண நல்ல டாக்டருகிட்ட காட்டுங்கண்ணே. அது வரைக்கும் லாண்டரில இருங்க, ஆயம்மாவுக்குக் கூடமாட ஆளு இல்ல"ன்னு சொல்லிட்டான் வினோத்குமார். செல்வி நின்ன அதே மேச, அதே ஜன்னலு. அரிக்கு அழுக வந்துச்சு, ஆனா மனசுக்குள்ள ஒரு மூலையில, அப்பாடான்னும் இருந்துச்சு. கொளம் போனாப் போவுது. துண்டு இருக்கே.

ஆயம்மா அங்க இருவது வருசமா இருக்கற பொம்பள, செல்விக்கு அக்கா மாதிரி. அந்த வாரம் பூரா கொளத்துல பொழங்குன துண்டு, தொவச்சிக் காஞ்சி மல மாதிரி மேச மேல கெடந்துச்சு. "ரூமு துண்ட தனியா எடுத்து வெச்சிடு தம்பி, கொளத்துத் துண்டுல ஒம் பொண்டாட்டி தெச்ச குறி இருக்கும், தெரியுமில்ல?"ன்னா.

அவன் ஒரு துண்ட எடுத்து மூலையத் திருப்பினான். கூட்டல் குறி இருந்துச்சு. வெரலுக்கு மொடமொடன்னு தட்டுப்பட்டுச்சு. ஆனா நூலு வெள்ளையா இருந்துச்சு. அடுத்தத எடுத்தான். அதுலயும் வெள்ள. பத்துப் பன்னெண்டு துண்ட அவசர அவசரமாப் பொரட்டிப் பாத்தான். ஜன்னலாண்ட எடுத்துட்டுப் போயி வெயில்ல புடிச்சிப் பாத்தான். அப்புறம் ஆயம்மாகிட்ட வந்து நீட்டினான்.

"யக்கா, இந்த நூலு என்னா கலருக்கா?"

கேட்டுட்டு, செவப்புன்னு சொல்லிடு தாயேன்னு மனசுக்குள்ள எல்லா சாமியையும் கும்பிட்டான். மஞ்சா போன மாதிரி செவப்பும் போயிருக்கட்டும். கண்ணு முழுசாவே போனாலும் போவட்டும். கோளாறு கண்ணுல இருந்துட்டாப் போதும்.

ஆயம்மா கண்ணாடிய மூக்குல ஏத்தி, துண்டு மூலைய கிட்டத்துல வெச்சிப் பாத்தா.

"வெள்ளதான் தம்பி. செல்வி செவப்புலல்ல தெச்சிருந்தா? எல்லாம் வெளுத்துப் போயிருக்கே. இந்த வாரம் தண்ணில அவ்வளவு மருந்தா கலந்தாங்க?"

அரி துண்ட வாங்கி, செல்வி மடிக்கிற மாதிரியே மூணா மடிச்சு, தையலு இருக்கற மூலைய உள்பக்கமா வெச்சு, ஓரமா எடுத்து வெச்சான். அப்புறம் அடுத்தத எடுத்தான். நூத்தியிருவதும் மடிக்கணும்.